சாதுவும் போக்கிரியும் ஒரு பாட்டில் தேனும்

என் மனைவி கிருமி வளர்க்கிறாள். சம்பளத்துக்குத்தான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புண், சளி என்று ஊரில் உள்ளவர்களிடமிருந்து எடுப்பதெல்லாம் அவள் மேஜைக்கு வந்து சேரும். அதில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வாள். பகல் முழுக்க கிருமிகளுக்குத் தீனி போட்டு, சூடு காட்டி, ஆசையாக வளர்த்து, கடைசியில் கொன்றுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைக் கவனிப்பாள். அந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் கண்ணாடி வெட்டுகிறவன். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷ அனுபவம். அளவெடுத்தால் மயிரிழை பிசகாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் நடந்ததை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது.

சண்டை ஒரு அறைக்காக. மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் பின்பக்கத்துச் சின்ன அறை காலியாகிவிட்டது. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேஜை. குளியலறையைத் தவிர, எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான். அந்தத் தாழ்ப்பாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குளிரும். ஞாயிற்றுக்கிழமை மதியம், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, மூன்று மணி நேரம். இந்த ஜென்மத்தில் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

அவளுக்கும் அந்த அறை வேண்டும். ஆறு மாதத்தில் பதவி உயர்வுப் பரீட்சை. இப்போது சமையலறை மேஜையில், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாகப் படிக்கிறாள். நியாயமான காரணம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் என் காரணத்தையும் நியாயமாக்க வேண்டியிருந்தது.

"எனக்கு யோசிக்கறதுக்கு ஒரு இடம் வேணும்" என்றேன்.

"என்ன யோசிப்பீங்க?"

"அது உள்ளே போனப்புறம்தான் தெரியும்."

"சோபாவுல உக்காந்து யோசிக்கலாமே."

"அங்கே இருந்தா நீ கூப்பிடுவே."

"கண்ணை மூடிட்டு யோசிப்பீங்களோ?"

"ஆழமா யோசிக்கறவங்க அப்படித்தான் யோசிப்பாங்க."

"குறட்டை விட்டுக்கிட்டு?"

இப்படியே மூன்று மாதம் போயிற்று. பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதுபோல் நான் கட்டிலில் என் தலையணையைப் போட்டேன். அவள் மேஜையில் தன் புத்தகத்தை வைத்தாள். தலையணையும் புத்தகமும் உள்ளே இருந்தன. நாங்கள் இருவரும் வெளியே இருந்தோம்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி, பெயர், தேதி, நேரம் எழுதிவிடுவாள். ஜாம் பாட்டிலில் ஸ்டிக்கர். சோப்புப் பெட்டியில் ஸ்டிக்கர். அதோடு, எதையும் இரண்டாகப் பிரித்து ஒன்றை எடுத்து வைத்துவிடுவாள். பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தானாம். பாதி பரிசோதனைக்கு, பாதி பத்திரத்துக்கு. பின்னால் யாராவது தகராறு செய்தால் எடுத்துக்காட்ட அசல் இருக்க வேண்டுமாம். எங்கள் கல்யாண போட்டோவிலேயே இரண்டு பிரதி. ஒன்று சுவரில். இன்னொன்று பீரோவில், கவர் பிரிக்காமல். "சுவர்ல இருக்கறது மாறிப்போச்சுன்னா ஒத்துப் பாக்கணும்ல" என்பாள். மாறிப்போனது யார் என்று நான் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார். தேன்பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவர். தன்னுடைய முதல் தேன்பெட்டியைப் போட்டோ எடுத்து, அதற்குச் சட்டம் போடக் கொண்டுவந்திருந்தார். பெற்ற பிள்ளையின் படத்தைக்கூட அவ்வளவு பதமாக யாரும் மேஜையில் வைத்து நான் பார்த்ததில்லை. போகும்போது ஒரு பாட்டில் தேன் கொடுத்தார்.

"இதுல கிருமி உயிரோட இருக்காதுங்க" என்றார். "கிருமி உள்ளே விழுந்தா, அது உடம்புல இருக்கற தண்ணியைத் தேன் உறிஞ்சிடும். அதோட புளிப்பு வேற. புண்ணுக்கே போடறாங்கன்னா பாருங்களேன்."

எனக்குப் புல்லரித்தது. என் மனைவி பெரிய மெஷின், பெரிய படிப்பு, வெள்ளைக் கோட்டு எல்லாம் வைத்துக்கொண்டு செய்கிற வேலையை, ஒரு பூச்சி வாயாலேயே செய்துவிடுகிறது. இதை அவளிடம் எப்போது சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை சந்தர்ப்பம் வாய்த்தது. கண்ணாடி கையைக் கிழித்துவிட்டது. இடது ஆள்காட்டி விரல். அளவு பிசகவில்லை, விரல்தான் பிசகி நடுவில் வந்துவிட்டது. மருந்துப் பெட்டியை நான் தொடவே இல்லை. தேனை வழித்து விரலில் அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு, தேன் பாட்டிலோடு வெற்றி வீரனாக வீட்டுக்குப் போனேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். வாசற்படியிலிருந்து ஒரு எறும்பு வரிசை. கூடத்தைத் தாண்டி, நாற்காலிக் கால் வழியாக ஏறி, என் முழங்கைப் பக்கம் வளைந்து, நேராகக் கட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"விரல்ல என்ன?"

"லேசான வெட்டு."

"எறும்பு எதுக்கு?"

"தேன் போட்டிருக்கேன். கிருமிநாசினி. உனக்குத் தெரியாது, சொல்றேன் கேளு."

அவள் கேட்கவில்லை. என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். கட்டைப் பிரித்து, தண்ணீரைத் திறந்துவிட்டு விரலைக் கழுவினாள். பதினொரு எறும்புகள் போயின, எண்ணினேன். அப்புறம் மருந்து போட்டு வெள்ளைக் கட்டாகக் கட்டினாள். நான் விடாமல் உறிஞ்சுதல், புளிப்பு, தேனீ என்று பேசிக்கொண்டே இருந்தேன்.

"தேன் கிருமியைக் கொல்லாதுன்னு நான் சொன்னேனா?" என்றாள். "புண்ணுக்குப் போடற தேன் தனி. அதைச் சுத்தம் பண்ணி, சோதிச்சு, சீல் வெச்சுக் கொடுப்பாங்க. நீங்க பாட்டில்ல விரலை விட்டு வழிச்சுப் போட்டிருக்கீங்க. இந்தத் தேன் கொல்லுமான்னு யாரு பாத்தா?"

"நீயே பாரேன். உன் வேலைதானே அது?"

"பாக்கலாம். எங்க மேடம்கிட்ட கேட்டுட்டு வைக்கிறேன். புதுசா வந்த பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியும் இருக்கும்."

"கொன்னா ரூம் எனக்கு."

அவள் கட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். "கொல்லலைன்னா எனக்கு. ரெண்டு கிருமி வெச்சுப் பாப்பேன். ரெண்டும் சாகணும்."

"அது என்ன ரெண்டு?"

"ஒருத்தன் சாது. எதைப் போட்டாலும் செத்துடுவான். இன்னொருத்தன் போக்கிரி. சாதாரண மருந்துக்கெல்லாம் மசியமாட்டான்."

"நாலு கிருமி வெச்சுக்கோ. எனக்கென்ன?"

அவள் முறையை விளக்கினாள். ஒரு தட்டில் களி மாதிரி தீனியை ஊற்றி, அது உறைந்ததும் மேலே கிருமியைத் தடவுவார்கள். நடுவில் ஒரு குழி தோண்டி அதில் தேன் விடுவார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தட்டு முழுக்க கிருமி படர்ந்திருக்கும். தேனுக்குச் சக்தி இருந்தால் குழியைச் சுற்றி மட்டும் வெறும் வட்டமாக இருக்கும். வட்டம் வந்தால் ஜெயம். இவ்வளவுதான் விஷயம், குழந்தைக்குக்கூடப் புரியும். பேசிக்கொண்டே அவள் என் தேன் பாட்டிலிலிருந்து ஒரு குட்டி பாட்டிலில் ஊற்றினாள். ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் வைத்தாள். நான் அப்போது விரலை ஊதிக்கொண்டிருந்தேன். கட்டு இறுக்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், சாயங்காலம்தான் வருவாள். நான் படியில் நின்று மாடி வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். நாற்பது வருஷமாக மாத்திரை விற்றவர். இனிப்பு என்றால் உயிர்.

"தேனா? யாரு குடுத்தது?"

"தேன்பெட்டி வெச்சிருக்கறவருண்ணே."

"பெட்டியைப் பாத்தீங்களா?"

"போட்டோவுல பாத்தேன்."

"போட்டோவுல" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

"என்னண்ணே இழுக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. போட்டோவுல எங்க வீட்டு வாசல்கூட அரண்மனை மாதிரிதான் தெரியும். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி பாட்டில்ல ஊத்திக் குடுத்தா உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? மனுஷன் நல்லவராவே இருக்கட்டும். நீங்க என்னத்தைக் கண்டீங்க?"

அவர் படியேறிப் போய்விட்டார். சர்க்கரைப் பாகு என்றால் போக்கிரி அதைத் தின்றே கொழுத்துவிடுவானே. அறை போய்விடும். தாழ்ப்பாள் போய்விடும். மகளின் கட்டிலில் கிடந்த என் தலையணையை எட்டிப் பார்த்தேன். பரிதாபமாக இருந்தது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். கிருமி கொல்லும் மாத்திரை இருபத்தொன்று கொடுத்து, ஒன்றுவிடாமல் முடிக்க வேண்டும் என்றார்கள். பதினான்கிலேயே வலி நின்றுவிட்டது. நின்ற வலிக்கு யாராவது மாத்திரை சாப்பிடுவார்களா? "முடிச்சாச்சா?" என்று மனைவி கேட்டாள். "முடிச்சாச்சு" என்றேன். மிச்சம் ஏழும் என் கருவிப் பையில், துளை போடும் ஊசிகள் வைக்கும் டப்பாவில் பத்திரமாக இருந்தன. வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் எடுத்து வைக்கத் தெரியும் என்றில்லை.

ஏழு மாத்திரையையும் சுத்தியல் பிடியால் நுணுக்கினேன். குட்டி பாட்டிலில் மட்டும் கலந்தால், பெரிய பாட்டிலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். தப்பு செய்தாலும் அளவு பிசகாமல் செய்ய வேண்டும், அது என் தொழில் தர்மம். இரண்டு பாட்டில் தேனையும் பால் காய்ச்சும் பாத்திரத்தில் கொட்டினேன். பொடி கலக்கவில்லை, மேலே மிதந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். அப்போதும் கலக்கவில்லை. தீயைக் கூட்டினேன். திடீரென்று தேன் நுரைத்துப் பொங்கி எழுந்தது. உள்ளே இருக்கும் வீரியம் எல்லாம் பொங்குகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். பத்து நிமிஷம் நன்றாகவே பொங்கவிட்டேன்.

ஆறியதும் இரண்டு பாட்டிலையும் நிரப்பி இருந்த இடத்தில் வைத்தேன். தேன் கொஞ்சம் கறுத்திருந்தது, கொஞ்சம் நீர்த்திருந்தது. தேன் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும். பாத்திரத்தை மூன்று தடவை கழுவினேன்.

அவள் வந்ததும் நேராக அடுப்புப் பக்கம் போனாள்.

"பால் காய்ச்சினீங்களா?"

"டீ போட்டேன்."

"சர்க்கரை ரொம்பப் போட்டீங்களோ?"

"ஏன் கேக்கறே?"

"இல்ல, அடுப்புல எறும்பு" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள். "உங்க மாதிரியை நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாள். ஃபிரிட்ஜைத் திறந்து குட்டி பாட்டிலை எடுத்துக் கம்பீரமாக நீட்டினேன். அவள் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். 'மாதிரி கொடுத்தவர்' என்று போட்டு ஒரு கோடு இருந்தது.

"இது எதுக்கு?"

"எங்க வழக்கம். கொண்டுவந்து குடுக்கறவங்க கையெழுத்துப் போடணும்."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம்?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ளதான் ரொம்ப அவசியம்."

போட்டேன். சுழித்துப் போட்டேன். கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பையை வைத்துவிட்டு, போனை எடுத்து என்னிடம் காட்டினாள். வட்டத் தட்டு. சுற்றிலும் ஓரத்தில் மட்டும் லேசாக வெளுப்பு. நடுவில் பெரிய வெறுமை. வட்டம் என்று சொல்லக்கூடாது, மைதானம்.

"இது சாது" என்றாள். "இருபது வருஷத்துல ஒரு தேனுக்கு இவ்வளவு பெரிய வட்டத்தை நான் பாத்ததில்லை. எங்க மேடம் மூணு தடவை ஸ்கேல் வெச்சு அளந்தாங்க."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நேராக மாடிக்குப் போய் மருந்துக்கடைக்காரரைக் கையோடு அழைத்து வந்தேன். "சர்க்கரைப் பாகுன்னீங்களே, வந்து பாருங்கண்ணே." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடேயப்பா" என்றார். நான் பின்னறைக்குப் போய் அவளுடைய புத்தகத்தை எடுத்து வந்து, மரியாதையாகச் சமையலறை மேஜையில் வைத்தேன். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். போர்வையை உதறிப் போட்டேன். தாழ்ப்பாளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய்கூட விட்டேன்.

திரும்பி வந்தால், அவள் பெரிய பாட்டிலைத் திறந்து, ஸ்பூன் நிறையத் தேனை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு சக்தியான தேன். ஜெயிச்சவர் நீங்க. முதல் ஸ்பூன் உங்களுக்குத்தான்."

"இப்பத்தான் டீ குடிச்சேன்."

"டீக்கு மேல தேன் சாப்பிட்டா என்ன?"

"பல்லு கூசும்."

"அதைத்தான் பிடுங்கிட்டாங்களே."

"ராத்திரி சாப்பிடறேன். வெறும் வயித்துல."

"ராத்திரி எப்படிங்க வெறும் வயிறா இருக்கும்?"

மருந்துக்கடைக்காரர் இதற்குள் பொறுமை இழந்துவிட்டார். "தேனை எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானான்னு சொல்வாங்க. தம்பி என்னடான்னா ஸ்பூனையே வேணாங்கறார். குடும்மா, நான் சாப்பிடறேன்" என்று கையை நீட்டினார்.

நான் ஆயிரம் தப்பு செய்பவன். ஆனால் இன்னொருவர் வாயில் என் பல்மாத்திரையைப் போக விடமாட்டேன். பாய்ந்து ஸ்பூனைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். மாத்திரையை ஏன் கடிக்காமல் விழுங்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. கசப்பு நாக்கில் இறங்கி, காது வழியாக ஏறி, உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. நான் சிரித்துக்கொண்டே நின்றேன். கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"தேனா இனிக்குது" என்றேன்.

மருந்துக்கடைக்காரர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இது இனிப்புத் தின்ன மூஞ்சி இல்லையே" என்றார். "எல்லாரும் இஞ்சி தின்ன குரங்குன்னு சொல்வாங்க. இது அதுகூட இல்ல. நாப்பது வருஷமா கடையில பாக்கறேன். இது மாத்திரையைக் கடிச்சுத் தின்ன மூஞ்சி."

"எத்தனைண்ணே இருக்கும்?" என்று அவள் அவரிடம் கேட்டாள்.

"பாட்டிலுக்கு ஆறேழு போட்டிருக்கணும்."

"ஏழு" என்றாள் அவள். "இருபத்தொண்ணுல பதினாலு போனா ஏழு. ஊசி டப்பாவுல இருந்தது. ரெண்டு மாசமா, இவரே எப்ப சொல்வாருன்னு பாத்துட்டிருக்கேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மாத்திரைப் புளுகு இரண்டு மாதம் தாங்கியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது முதல் நாளே செத்துப்போய், அவள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்திருக்கிறாள்.

ஆனாலும் நான் விடவில்லை. "மாத்திரையோ மந்திரமோ, கிருமி செத்துச்சா இல்லையா?"

"சாது செத்தான்."

"போக்கிரி?"

"சௌக்கியமா இருக்கான்" என்று அடுத்த படத்தைக் காட்டினாள். தட்டு முழுக்க ஒரே வெளுப்பு. குழியின் விளிம்பு வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தான். "உங்க பல்லு மாத்திரைக்கெல்லாம் மசியாததாலதான் அவனுக்குப் போக்கிரின்னு பேரு. பாதியில மாத்திரையை நிறுத்தறவங்க புண்ணியத்துலதான் அவன் இப்படி ஆளாயிட்டான்."

அறை போய்விட்டது. சரி, நான் ஒன்றும் அழுகிற ஆள் இல்லை. சர்க்கரைப் பாகு கொடுத்து ஏமாற்றிய தேன்காரரின் மேல்தான் கோபம் வந்தது. "எல்லாம் அந்த ஆளால வந்தது" என்றேன். "போலித் தேன்."

அவள் போனில் இன்னும் இரண்டு படங்களைத் தள்ளினாள். இரண்டு தட்டு. இரண்டிலும் குழியைச் சுற்றி அளவெடுத்து வெட்டியதுபோல் அழகான வட்டம்.

"இது யாரு?"

"இது சாது. இது போக்கிரி. ரெண்டு பேரும் காலி."

"எந்த மருந்து?"

"உங்க தேன்."

"அப்போ முன்னாடி காட்டினது?"

"அது உங்க சமையல்."

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. மருந்துக்கடைக்காரர் நகர்த்திப் போட்டார்.

"சனிக்கிழமை நீங்க விரலை ஊதிட்டிருந்தப்போ இன்னொரு குட்டி பாட்டில்லயும் ஊத்தினேன்" என்றாள். "பாதி பரிசோதனைக்கு, பாதி பத்திரத்துக்கு. என் சாப்பாட்டுப் பையிலேயே இருந்துச்சு. அடுப்புல எறும்பைப் பாத்ததும் சேத்துக் கொண்டுபோனேன்."

"அப்போ தேன் நல்ல தேனா?"

"அருமையான தேன். தேனீ அதுக்குள்ள ஒரு சரக்கைச் சேத்து வைக்குது. கொஞ்சம் ஈரம் பட்டா, அது கிருமியைக் கொல்ற மருந்தைத் தானே கொஞ்சம் கொஞ்சமா சுரக்கும். கொதிக்க வெச்சா அது செத்துப்போகும். கெட்டியா இருந்து தண்ணியை உறிஞ்சறது அதோட இன்னொரு பலம். நீங்க ஒரு டம்ளர் தண்ணியை ஊத்தி அதையும் தீத்துட்டீங்க. இதுக்குப் பேருதான் சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறது."

"அப்போ நான் ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா?"

"ரூம் உங்களோடது."

"சும்மா இருந்திருந்தாலே?"

"ஆமா. கல்யாணமாகி இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை ஒரு துரும்பைக்கூட நகத்தினதில்லை நீங்க. அன்னிக்குன்னு பாத்து சுறுசுறுப்பா இருந்திருக்கீங்க."

நெஞ்சு வலித்தது, நிஜமாகவே வலித்தது. ஜெயித்த பந்தயத்தை அடுப்பில் வைத்துப் பத்து நிமிஷம் பொங்கவிட்டிருக்கிறேன். ஆனால் எனக்குத்தான் திட்டம் பிசகினாலும் மூளை பிசகாதே. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அசல் தேன் ரெண்டு பேரையும் கொன்னுடுச்சுல்ல? பந்தயம் தேனைப் பத்தித்தானே? அப்போ ரூம் எனக்குத்தான் வரணும்."

"தம்பி சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் உரக்கப் படித்தார். "மாதிரி: தேன். கொடுத்த நாள்: திங்கள். மாதிரி கொடுத்தவர்..." என்று நிறுத்தி, என் கையெழுத்தைப் பார்த்தார். கீழே இரண்டு கோட்டையும் பார்த்தார். "இவ்வளவு அழுத்தமாவா போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அவள் சமையலறை மேஜையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். பின்னறையிலிருந்து என் தலையணை சோபாவுக்கு வந்து சேர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. எண்ணெய் விட்டிருந்ததால் சத்தமே இல்லாமல் விழுந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவிலேயே படுத்து யோசித்தேன். யாரும் கூப்பிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் அவள் அந்தப் பக்கமாக வந்து, என் கட்டைப் பிரித்து விரலைப் பார்த்துவிட்டுப் போனது தூக்கத்தில் தெரிந்தது. புண் நன்றாக மூடிவிட்டது. நாற்காலியில் கிடந்த என் சட்டையையும் எடுத்து உதறி மாட்டினாள்.

திங்கட்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பதினோரு மணிக்குத் தேன்காரர் படத்தை வாங்க வந்தார். சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"தேன் எப்படிங்க இருந்துச்சு?"

"முதல்தரம்" என்றேன். "எங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியிலேயே வெச்சுப் பாத்தாங்க. சாதாரண கிருமி இல்லீங்க, போக்கிரி. அவனையே காலி பண்ணிடுச்சு. நான்தான் பாக்கச் சொன்னேன். இந்த மாதிரி விஷயத்துல அவங்க என்னைக் கேக்காம ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

அவர் பெருமையாகத் தலையாட்டினார். படத்தைச் சுற்றித் தர நான் காகிதம் எடுக்கத் திரும்பினேன்.

"முதுகுல என்னமோ ஒட்டியிருக்கே" என்றார்.

"என்னது?"

"ஏதோ சீட்டுங்க" என்று பக்கத்தில் வந்து, நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். "பெயர்: கணவர். பரிசோதனை முடிவு: தேறவில்லை. இரண்டாவது மாதிரி கைவசம் இல்லாததால் இதையே வைத்துக்கொள்ளவும்."